கேட்டவர்கள்: ஒருவர்

ஹெட்போன் வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், பஞ்சைப் பார்ப்பதில்லை. பஞ்சைத்தான் பார்க்க வேண்டும். காதைச் சுற்றி உட்காருகிற அந்த வளையம் நன்றாக இருந்தால் வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராது. பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் கேட்காது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பஞ்சுக்குள் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். வக்கீல் வருகிறவரை பேனாவைத் தொடாதீர்கள் என்று என் மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறாள். பாவம், பயந்துபோயிருக்கிறாள். ஒளிக்க வேண்டிய காரியம் எதையும் நான் செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

என் வேலை பாட்டுக் கேட்பது. இதைச் சொன்னால் எல்லோரும் "கொடுத்து வெச்சவரு சார் நீங்க" என்பார்கள். பாட்டுச் செயலி நடத்தும் நிறுவனத்தின் நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம். ஒரே நாளில் எங்களிடம் வந்து விழும் பாட்டையெல்லாம் ஒருவர் சோறு தூக்கம் இல்லாமல் கேட்டால் எட்டு மாதம் ஆகும். அதனால் முதலில் கணினி சலிக்கும். மழைச்சத்தம், குழந்தையைத் தூங்கவைக்கும் மின்விசிறிச் சத்தம், ஒரே பாட்டு நாற்பது பெயரில் வருவது, யாருமே பாடாமல் இயந்திரமே பாடி இயந்திரமே அழுவது, இதெல்லாம் போக மிச்சம் எங்களுக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் பாட்டு ஊருக்குத் தெரியும். சிவப்பை அழுத்தினால் அழிந்துவிடாது. இருக்கும், ஆனால் யார் கண்ணிலும் காட்டப்படாது. அலுவலகத்தில் என் பெயர் "அரைநிமிஷம்". நான் கோபித்துக்கொண்டதில்லை.

இந்த அரை நிமிடக் கணக்கு வெளியே கசிந்துவிட்டது. எனவே எல்லோரும் முதல் அரை நிமிடத்தை மட்டும் பாடுபட்டுச் செய்கிறார்கள். வாசலுக்கு மட்டும் வெள்ளையடித்த வீடு மாதிரி. உள்ளே போனால் செங்கல் தெரியும். வாரத்துக்கு மூவாயிரம் வீட்டு வாசலை ஏறி இறங்கியவனுக்கு என்ன ஆகும்? காய்ச்சல்காரர்கள் நாக்கு செத்துப்போச்சு என்பார்களே, எனக்குக் காது செத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் 'இந்த வார ஏழு' என்று நான் போடும் பட்டியலை லட்சக்கணக்கானவர்கள் நம்பிக் கேட்டார்கள். நல்ல பாட்டு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் திண்டாடுகிற ஜனம்; யாராவது ஒருவன் பொறுக்கிக் கொடுத்தால் போதும் என்று இருந்தது. பொறுக்கிக் கொடுத்தவனுக்கு அந்த ஏழில் ஒன்றுகூட உறைக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் மனைவி சொல்வாள்: "ஒரு பாட்டு போட்டாப் போதும், பல்வலிக்காரன் மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிறீங்க. அதுக்கு நான் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தையே கேக்கலாம்." நிஜமாகவே அந்தச் சத்தம் தேவலை.

இப்படி ஒன்பது வருடம் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றைய நானூற்றுச் சொச்சத்தாவது பாட்டாக அது வந்தது.

அனுப்பியவர் தன் பெயரை 'இரும்புக்கயிறு' என்று போட்டிருந்தார். முதலில் குரலே இல்லை. எங்கோ உயரத்தில் ஒரு மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது, யாரோ சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி. அரை நிமிடத்தில் பாதி அதிலேயே போயிற்று. பிழைக்கத் தெரியாத ஆள் என்று நினைத்தேன். அப்புறம் அந்த முனகலின் மேலேயே ஒரு ஆணின் குரல் உட்கார்ந்தது.

"அக்கா தைச்ச சட்டைக்குப் பையே இல்ல,
வெக்கிறதுக்கு ஒண்ணுமில்லன்னு அவளுக்குத் தெரியும்."

அவ்வளவுதான் பல்லவி. இதை எப்படிப் பாடினார் என்று எழுத எனக்கு வராது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்து பஞ்சு நனைந்தது. நான்கு நிமிடமும் கேட்டேன். முடிவில் மேலேயிருந்து ஒரு கிழக்குரல், "ஏப்பா, முடிஞ்சுதா? என் காலு மரத்துப்போச்சு" என்றது. அதையும் கேட்டேன். செத்துப்போன காது திரும்பி வந்துவிட்டது. எனக்கு அந்த நிமிடம் இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு சிவப்பை அழுத்தினேன்.

இதை நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள், ஏன் என்று. சொல்கிறேன். இதற்கு முன்னால் ஒரு மருந்துக்கடைப் பெண்ணை நான்தான் கண்டுபிடித்தேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று மாத்திரை அட்டையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடியவள். பச்சையை அழுத்தினேன், பட்டியலில் போட்டேன், ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர் கேட்டார்கள். அடுத்த வருடம் அவளிடமிருந்து ஒரு பாட்டு வந்தது. முதல் அரை நிமிடம் பளபளவென்று இருந்தது. எனக்காகவே செய்திருந்தாள். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஜனங்கள் கேட்டால் பாட்டு கெட்டுப்போகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதனால் இவரைக் காப்பாற்றினேன். அந்தச் சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

பாட்டு அனுப்புகிறவருக்கு எங்கள் செயலியில் ஒரு பக்கம் உண்டு. அதில் இந்த வாரம் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண் தெரியும். ஒரே ஆள் இருநூறு தடவை கேட்டாலும் ஒன்று என்றுதான் காட்டும். இரும்புக்கயிறுக்கு ஒன்று என்று காட்டியது. இரண்டாவது பாட்டுக்கும் ஒன்று. மூன்றாவதுக்கும் ஒன்று. எல்லாம் நான்தான், அத்தனைக்கும் சிவப்பு போட்டவனும் நான்தான். ஐந்தாவது பாட்டுக்கு அவர் கீழே எழுதினார்: "கேக்குற அந்த ஒருத்தர் யாருன்னு தெரியல. யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும் நீங்க."

பதில் போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சாதாரணமானதல்ல. 'காது' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு எழுதினேன். அதிலிருந்து நான் அவருக்குக் காது சார்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கல்யாணம் ஆகவில்லை. தையல் கடை வைத்திருக்கும் அக்காதான் அவரை வளர்த்தது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஒரு பழைய லிஃப்ட், மாதம் ஒருமுறை எண்ணெய் போடப் போவார். முதல் பாட்டை அந்த லிஃப்ட்டின் அடிக்குழியில் நின்று, செல்போனில் எங்கள் செயலியைத் திறந்துவைத்துப் பாடியிருக்கிறார். பாடப் பாட அது அப்படியே எங்களிடம் ஏறும். எப்படி அந்த ஓசை வந்தது என்று கேட்டேன். வேலை தெரிந்தவர்களுக்கு அதைப் பற்றிக் கேட்டால் வாய் நிறையப் பேச்சு வரும். பெரிதாக எழுதினார்:

"பழைய லிஃப்ட் சார். நின்னுக்கிட்டு இருந்தாலும் மேல மோட்டார் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அந்தச் சத்தம் குழி வரைக்கும் எறங்கி வரும். குழில எறங்கணும்னா மூணு காவல் உண்டு. மேல ஒரு ஆளு லிஃப்ட்டைப் புடிச்சு வெச்சுக்கிட்டு நிக்கணும். இல்லன்னா கதவு தெறந்திருக்கணும், தெறந்திருந்தா லிஃப்ட் நகராது. இல்லன்னா குழில இருக்குற செவப்புப் பொத்தானை அமுக்கணும், அமுக்கினா மோட்டாரே நின்னுடும். மூணும் வெக்கணும்னு சட்டம். ஒண்ணு இருந்தாலும் உசுருக்குப் பயமில்ல சார். அன்னைக்கு மேல எங்க பெரியவர் இருந்தாரு, கால் மரத்துப்போச்சுன்னு கத்துனாரே, அவருதான்."

மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆறாவது பாட்டிலிருந்து ஓசை மாறிவிட்டது. ஒருவர் கேட்கிறார் என்ற உற்சாகத்தில் அவர் ஒரு மைக் வாங்கிவிட்டார். அக்கா தன் கடையின் பின்னறையைக் காலிபண்ணி, சுவர் முழுக்கத் துணிக்கட்டுகளை அடுக்கிக் கொடுத்திருக்கிறாள். சுத்தமான ஓசை. துடைத்துவிட்ட மாதிரி. அதே குரல், அதைவிட நல்ல வரிகள், ஆனால் உயிர் இல்லை. மூன்று பாட்டு பொறுத்தேன். மறுபடியும் என் காது மெல்ல மெல்ல மரத்துக்கொண்டு வருவது எனக்கே தெரிந்தது. அந்தப் பயத்தை உங்களுக்குப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை. ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்த ஒரே ஒரு சுகம் கையை விட்டுப் போகிறது என்றால் யாராக இருந்தாலும் கையை நீட்டுவார்கள்.

எழுதினேன்: "பழைய இடத்திலேயே பாடுங்களேன்."

அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது, தனக்கு இனிமேல் அங்கே வேலையில்லை என்று பதில் வந்தது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி: "ஆனா சாவி எங்கிட்டதான் இருக்கு. யாரும் திருப்பிக் கேக்கல. நம்ம பெரியவர் வரமாட்டாரு. பரவால்ல சார், ரெண்டு காவல் இருக்கே."

முதல் காவல் இப்படிப் போயிற்று. நான் கேட்டுக்கொண்டேன், போனது அவர் முடிவு.

கட்டடத்தின் பெயர், தெரு, வாட்ச்மேன் எந்தப் பக்கம் நாற்காலி போட்டுத் தூங்குவார் என்பது வரை அவர் எனக்குச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனார். புதுப் பாட்டு. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பாடியதால் தெருவில் போகிற வண்டிகள் எல்லாம் பாட்டுக்குள் வந்து ஹாரன் அடித்தன. பாட்டும் மெதுவாகப் பாட வேண்டிய பாட்டு. "தெருச்சத்தம் பாட்டைத் தின்றுவிட்டது. தாளமும் கொஞ்சம் ஆடுகிறது" என்று எழுதினேன். இரண்டும் உண்மை. தாளத்துக்கு வழியும் நானே செய்தேன். அக்காவின் கடை முகவரிக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கி அனுப்பினேன். தாளம் அதற்குள் ஓடும், இவர் கேட்டுக்கொண்டே பாடலாம், பதிவில் விழாது. கடையில் அரை மணி நேரம் நின்று பஞ்சை அழுத்திப் பார்த்து வாங்கியது. நீங்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, ஒரு பக்கம் நசுங்கி, அதுதான். யாரும் தனக்கு இப்படி ஒரு பொருள் அனுப்பியதில்லை என்று எழுதியிருந்தார். தலையில் மாட்டிக்கொண்டு அக்காவிடம் காட்டினாராம். அவள் சிரித்தாளாம்.

அடுத்த ஞாயிறு அதே பாட்டைக் கதவை மூடிக்கொண்டு பாடினார். சிவப்புப் பொத்தானை அமுக்கியிருந்தார். மோட்டார் நின்றுவிட்டது, முனகலும் நின்றுவிட்டது. நல்ல எதிரொலி, நல்ல தாளம், நல்ல குரல், அடியில் ஒன்றுமில்லை. தரையில்லாத வீடு.

மூன்றாவதாக எழுதியதுதான் உங்கள் கோப்பில் மேலே இருக்கிறது. ஒரு வார்த்தை மாற்றாமல் நானே எழுதிவிடுகிறேன்: "நான் வெறும் ரசிகன் இல்லை. 'இந்த வார ஏழு' போடுகிறவன் நான்தான். அந்த முனகல் இல்லாமல் இந்தப் பாட்டு நிற்கவில்லை. முனகலோடு ஒருமுறை வந்தால், வெள்ளிக்கிழமைப் பட்டியலில் முதல் பாட்டு உங்களுடையது."

பட்டியலில் போடும் எண்ணம் எனக்கு அப்போது இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு நாள் முழுக்கப் பதில் வரவில்லை. என்னால் வேலை பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அறுநூறுக்கும் சிவப்புதான். மறுநாள் காலையில் வந்தது. "காது சார், நெசமாவா? பட்டியல்ல பாட்டு வரப்போகுதுன்னு மட்டும் அக்காகிட்ட சொன்னேன், அழுதுட்டா. பொத்தான் அமுக்காம நிக்கணும், அதான் ஒரு நாள் யோசிச்சேன். ஞாயித்துக்கெழம பில்டிங்ல ஈ காக்கா இருக்காது. நாலு நிமிஷந்தானே. பாடும்போதே நீங்க கேட்டுக்கிட்டு இருப்பீங்கல்ல?"

"கேட்பேன்" என்று எழுதினேன்.

மூன்றில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று அப்போது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஒரு வார்த்தையை அனுப்பினேன். எண்ணிப் பார்த்தவன் தடுத்திருக்கலாமே என்பீர்கள். நான்கு நிமிடம், மேடம். அந்தக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான்கு நிமிடத்துக்குள், யாராவது லிஃப்ட்டில் ஏறுவார்கள் என்று எந்த மனிதன் நினைப்பான்? என் இடத்தில் நல்ல காது உள்ள யாராக இருந்தாலும் கேட்பேன் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கூடத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று பத்துக்கு அவர் பக்கத்தில் 'பதிவாகிறது' என்று எழுத்து வந்தது. கேட்டவர்கள்: ஒருவர்.

முனகல் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்புறம் குரல், மெதுவாக, பக்கத்தில் தூங்குகிற ஆளை எழுப்பிவிடாமல் பாடுகிற மாதிரி.

"ஊரெல்லாம் பேசுது, ஒருத்தர்தான் கேக்குறார்,
அவருக்குக் கேட்டாப் போதும்னு மெல்லப் பாடுறேன்."

நான் அதுவரை கேட்டிராத புதுப் பாட்டு, என்னைப் பற்றிய பாட்டு. என்னைப் பற்றி யாரும் பாடியதில்லை. இரண்டு அடி முடிந்தது, மூன்றாவது அடி. மூன்றாவது நிமிடம் பதினான்காவது வினாடியில் மோட்டாரின் ஓசை மாறியது. கொஞ்சம் கனத்து, கொஞ்சம் ஏறி. அந்தக் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு கணக்கர் அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை பார்த்துவிட்டு, காலையில் தான் ஏறிவந்த அதே லிஃப்ட்டில் கீழே இறங்கினார் என்று பிற்பாடு நீங்கள் சொல்லித்தான் தெரியும். பழைய கட்டடம், குழி ஆழமில்லை. மேலும் ஒன்பது வினாடி. அதற்குப் பிறகு ஒரு பெரிய சத்தம், மோட்டார் நின்றது. எங்கோ மேலே ஒரு பெண்குரல், "என்னது, பாதில நின்னுடுச்சு" என்றது. பதிவு அறுந்துபோயிற்று.

லிஃப்ட் பழுது என்று நினைத்து அந்த அம்மாவை வாட்ச்மேன் கைகொடுத்து இறக்கியிருக்கிறார். பழுது என்று பலகை மாட்டி, நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கிறார். ஆள் வர ஒரு மணி நேரம். அடியில் ஒருவர் இருக்கிறார் என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும், கூப்பிட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். அந்த அரை மணி நேரம் நீ என்ன செய்தாய் என்றீர்கள்.

பாட்டைத் திரும்பக் கேட்டேன். ஏழு முறை. போன் மேசைமேல், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. முதல் முறை கேட்கும்போது, முடிந்ததும் வாட்ச்மேனுக்கு எப்படியாவது தகவல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், நிஜமாக நினைத்தேன். முடிந்ததும் இன்னொரு முறை கேட்கத் தோன்றியது. நான்காவது முறையின்போது மனைவி கதவைத் தட்டி, "காபி போடட்டுமா?" என்றாள். "வேணாம், நல்ல பாட்டு ஒண்ணு கெடச்சிருக்கு" என்றேன். "அப்பாடா, எத்தனை வருஷமாச்சு உங்க வாயிலருந்து இதைக் கேட்டு" என்று சந்தோஷமாகப் போனாள். பிறகு கோப்பை என் கணினியில் இறக்கிக்கொண்டு, செயலியிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கான அனுமதி எனக்கு உண்டு.

செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் நான்கு வரி வந்தது. மூடிய கட்டடத்தில் இரும்புச் சாமான் திருட நுழைந்த முன்னாள் தொழிலாளி லிஃப்ட் அடியில் நசுங்கிச் சாவு. திருட என்று போட்டது அநியாயம். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். பத்திரிகைகளுக்கு எழுதிப் போட்டு எதுவும் திருந்தப்போவதில்லை என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாக்குக் கொடுத்திருந்தேனே. தவிர, இனிமேல் யார் கேட்டாலும் அவர் கெட்டுப்போக முடியாது. எடுத்த பாட்டை அவர் பக்கத்தில் மறுபடி ஏற்றி, முதல் தடவையாக அவருக்குப் பச்சையை அழுத்தி, பட்டியலில் முதல் பாட்டாகப் போட்டேன். அந்த ஒன்பது வினாடியையும் அதற்குப் பின்னால் வந்ததையும் மட்டும் வெட்டிவிட்டேன். ஓசை மாறுகிற இடத்துக்கு ஒரு மூச்சு முன்னால், வெட்டின சுவடே தெரியாமல். அதை ஜனங்களுக்குத் தாங்கத் தெரியாது. முழுதாக என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். பத்து நாளில் நாற்பது லட்சம் பேர் கேட்டார்கள். "என்ன ஒரு முடிவு, அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டாரே" என்று என் வெட்டைப் புகழ்ந்து எழுதினார்கள். எங்கள் மேலாளர் எல்லோருக்கும் எதிரில் என்னைக் கட்டிக்கொண்டார்.

அதற்கடுத்த புதன்கிழமை அவருடைய அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். ஏதோ பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் கேட்டுக்கொண்டிருந்த பாட்டில் தம்பியின் குரலைக் கேட்டிருக்கிறாள். வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, கழற்ற மறந்திருந்தாள். பட்டியல் போடுகிறவர் என்று என்னைக் காட்டியதும் எழுந்து கும்பிட்டாள்.

"நீங்கதானா சார். என் தம்பி பாட்டை எல்லாருக்கும் கேக்க வெச்சீங்க. திருடன்னு எழுதுனாங்க சார் அவனை. இப்ப யாராவது கேட்டா, பாட்டுப் பாடப் போனான்னு சொல்லுவேன்."

தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"ஒண்ணு கேக்கலாமாங்க? பாட்டு பாதியில நிக்குது. அவன் எதையும் பாதியில விடமாட்டான். எனக்கு முழுசாப் பாடிக் காட்டினான், சனிக்கிழம. அந்த மூணாவது அடி இப்படி எறங்கி முடியும்" என்று, அந்த இடத்திலேயே, சோபா ஓரத்தில் நின்றபடி, நடுங்குகிற குரலில் பாடினாள். குரல் இறங்கி இறங்கிக் கீழே போய் நின்றது.

மேடம், இருபத்திரண்டு வருடமாகத் தப்பான சுரம் காதில் விழுந்தால் எனக்குப் பொறுக்காது. என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "அங்கே எறங்காதும்மா. அங்கே அவர் மேலே போறார்."

அவள் பாட்டை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எடம் பாட்டுலயே இல்லையே சார். நீங்க எங்க கேட்டீங்க?"

தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்கதான் காது சாரா?"

ஆமாம் என்றேன். நேருக்கு நேர் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பாடும்போதே காது சார் கேப்பாருக்கான்னு சொல்லிட்டுப் போனான்," என்றாள். "கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க. ஒரு போன் பண்ணியிருக்கலாமே, சார்." அவ்வளவுதான் சொன்னாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். தம்பியின் கணக்கு அவள் போனிலும் திறந்தே இருந்திருக்கிறது.

ஆக, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அவருடைய ஒன்பது பாட்டுக்கும் சிவப்பு போட்டது நான். மூன்று காவலையும் ஒவ்வொன்றாக எடுக்க வைத்தது நான். பட்டியல் ஆசை காட்டியது நான். ஹெட்போன் நான் அனுப்பியது. உயிரோடு கிடக்கிறார் என்று ஊகித்தும் போனைத் தொடாதவன் நான். கொன்றேன் என்று எழுதித்தான் ஆகவேண்டுமென்றால், எழுதுகிறேன்: கொன்றேன். நீங்கள் காட்டுகிற இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்றைய தேதியில், இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில், அந்த மனிதரை உண்மையாகக் கேட்டவன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். அதை அவரே பாட்டில் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு திருத்தம் வேண்டும். என் கணினியிலிருந்து நீங்கள் எடுத்த அந்த ஒன்பது வினாடியைப் பற்றி உங்கள் அறிக்கையில் "இறந்தவரின் அலறல்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டதால் வந்த தவறு. நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். மோட்டார் மாறி மேலே போனது. அவர் அதைக் காதால் பிடித்து, கூடவே மேலே போனார். அது அலறல் இல்லை, மேடம், மேல் ஸ்தாயி. துளிகூடச் சுருதி விலகவில்லை.